தோணிக்காரர் சொன்னால் நிறுத்த வேண்டும்

2024 ஆம் ஆண்டு மே மாதம் ஒரு காலையில் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி என் கடைக்கு வந்தார். நமது கடை மருதமுனையில் இருக்கிறது. வலை, கயிறு, மிதப்பு, ஈயம், எஞ்சின் ஒயில் இவைதான் வியாபாரம். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் கல்லாறு, ஓந்தாச்சிமடம், களுவாஞ்சிக்குடிப் பக்கத்துத் தோணிக்காரர்கள். வந்த தம்பி கேட்டதோ வேறு சாமான்.

"அங்கிள், வெசலின் மொத்தமா எடுக்கலாமா? ரெண்டு கிலோ வேணும்."

எஞ்சினுக்குப் பூசும் கிறீஸைத்தான் கேட்கிறார் என்று நினைத்து டின்னை எடுத்து வைத்தேன். "இது இல்ல அங்கிள், ஆக்களுக்குப் பூசுற" என்றார்.

விசாரித்தேன். லண்டனில் பிறந்து வளர்ந்தவர். தாய் தகப்பன் களுவாஞ்சிக்குடி. அந்த வருடம் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயலும் நாலு பேரில் அவரும் ஒருவர். மற்ற மூவரும் வெள்ளைக்காரர்கள், இருவர் பெண்கள். பத்து நாள் பயிற்சிக்காக அவருடைய மாமாவின் வீட்டில் வந்து தங்கியிருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக நீந்தினால் அக்குளும் கழுத்தும் உரசிப் புண்ணாகிவிடும். அதற்குத்தான் வெசலின்.

வெசலின் வாங்கிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் வியாபாரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புதிதாக ஒரு சாமானை யாராவது கேட்டால், அதை இன்னும் எத்தனை பேர் கேட்பார்கள் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். அன்று அஸர் தொழுதுவிட்டு நானே மோட்டார் சைக்கிளில் களுவாஞ்சிக்குடிக்குப் போனேன்.

அங்கே நான் கேட்ட முதல் கேள்வி, குளிர்க் கடலை நீந்தப் போகிறவர்களுக்குச் சுடு கடலில் என்ன வேலை என்பதுதான். டோவரிலிருந்து பிரான்ஸ் கரை வரை குறுகிய இடத்தில் 33 கிலோமீற்றர். நல்ல கோடையிலும் அந்தத் தண்ணீர் 16, 17 பாகை செல்சியஸ்தான் இருக்கும். வசந்தத்தில் 10 பாகைக்கும் கீழே. அதில் ஒரு நாளைக்கு நாலைந்து மணித்தியாலம் நீந்திப் பழக முடியாது. ஆனால் தோளுக்கும் வயிற்றுக்கும் மனதுக்கும் அந்த மணித்தியாலங்கள் தேவை. ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் இவர்கள் சூடான கடலைத் தேடிப் போகிறார்கள். மத்தியதரைக் கடலில் மயோர்க்கா, மோல்டா போன்ற தீவுகளில் இதற்கென்றே பயிற்சி முகாம் நடத்துகிற கொம்பனிகள் இருக்கின்றன. 2003 இல் சைமன் முரீ என்பவர் ஆரம்பித்த சுவிம்ட்ரெக் அவற்றில் பெயர் போனது. குளிரைப் பழகுவது வேறு பாடம். அதை ஜூன், ஜூலையில் டோவரில் பழகுவார்கள். 16 பாகைக்கு மேற்படாத தண்ணீரில் ஆறு மணித்தியாலம் நீந்திக் காட்டினால்தான் கால்வாயில் இறங்கவே அனுமதி.

இப்போது நமது கடலை எண்ணிப் பாருங்கள். வாடைக்காற்று நின்று, மார்ச் முடிவில் கடல் தணிந்துவிடும். சோழகமும் கச்சானும் தரைப்பக்கமிருந்து வீசுகிற மாதங்களில் காலை வேளையில் கடல் பாய் விரித்தது போலக் கிடக்கும். ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை இது நடக்கிறது. அவர்கள் கடல் தேடுகிற மாதமும் நம் கடல் அடங்குகிற மாதமும் ஒன்றாகவே இருக்கின்றன. "அங்கிள், அடுத்த வருசம் இருபது பேரைக் கூட்டி வரலாம். நீங்கள் முதல் போடுங்கோ, நான் ஆக்களைக் கொண்டு வாறன்" என்று அந்தத் தம்பி அன்று மாலையே சொல்லிவிட்டார். பன்னிரண்டு இலட்சம் கேட்டார். திட்டத்தை எழுதியும் வைத்திருந்தார்.

நான் உடனே ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பத்து நாளும் வந்து பார்க்கிறேன் என்றேன்.

இந்த இடத்தில் வாசகர்கள் இரண்டு விடயங்கள் கேட்பார்கள் என்று தெரியும். ஒன்று, பெண்கள் நீந்துவது. கரையில் ஊர்ச்சனம் நிற்கிற நேரத்தில் அவர்கள் இறங்கவில்லை. சுபஹுக்குப் பிறகு இருட்டோடு நீண்ட அங்கி போட்டு வந்து, தோணியில் ஏறி, கடலில்தான் இறங்கினார்கள். அப்படிச் செய்யும்படி கேட்டவர் தோணிக்காரர். அவர்களும் முகம் சுழிக்கவில்லை. மற்றது, இதெல்லாம் வீண் விளையாட்டுத்தானே என்பது. நீச்சல் கற்பதை நமது மார்க்கம் வீண் விளையாட்டில் சேர்க்கவில்லை என்பதை எந்த மௌலவியிடமும் கேட்டுக்கொள்ளலாம். எகிப்தில் அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த அப்துல் லத்தீப் அபூ ஹைஃப் 1950களில் ஆங்கிலக் கால்வாயை மூன்று முறை கடந்தவர். நெடுந்தூர நீச்சலில் உலகமே மதித்த பெயர். கடலை ஒட்டி வாழ்கிற நாம் அவர் பெயரைக் கூடக் கேள்விப்பட்டதில்லை.

கேள்விப்பட்டிருந்த பெயர் வல்வெட்டித்துறை ஆனந்தன். களுவாஞ்சிக்குடித் தேநீர்க் கடையில் இந்த வெள்ளைக்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது வயதானவர்கள் எல்லாரும் அவரைத்தான் சொன்னார்கள். பாக்கு நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் தொண்டைமானாறு நவரத்தினசாமி. அது 1954, சுமார் 27 மணித்தியாலம். 1966 ஏப்ரலில் வங்காளத்து மிகிர் சென் கடந்தார். ஆனந்தன் 1971 மார்ச்சில் செய்ததோ போய்த் திரும்பி வந்தது. வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கும் அங்கிருந்து மறுபடி ஊருக்கும், மொத்தம் 51 மணித்தியாலம். ஐம்பத்தொரு மணித்தியாலம் கடையில் நின்று பாருங்கள், முதலாளிமாரே, தெரியும். தண்ணீரில் கால் அடித்தபடி 80 மணித்தியாலம் நின்றும் காட்டினார். அப்படிப்பட்ட மனிதர் 1984 ஆகஸ்ட் 6 ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார்.

இதற்குப் பிறகு எவ்வளவோ நடந்தது. 1994 இல் தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீஸ்வரன் பாக்கு நீரிணையைக் கடந்தான். 2021 ஏப்ரலில் நமது விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பி 28 மணித்தியாலம் 19 நிமிடத்தில் முடித்தார். இருந்தும் ஆனந்தன் பெயர் வந்ததும் கடையில் பேச்சு ஒரு கணம் நின்றுவிட்டது. அந்த அமைதியை நான் அப்போது வியாபாரக் கணக்கில் சேர்க்கவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். தம்பியின் தாளில் வீட்டு வாடகை, சாப்பாடு, வான், சமையல்காரி, விளம்பரம், ரீ-சேர்ட் எல்லாம் தனித்தனியாக இருந்தன. தோணிக்கு ஒரே ஒரு வரி. நாளொன்றுக்கு இரண்டு தோணி, கூலியும் மண்ணெண்ணெயும் சேர்த்து ஒன்றுக்கு 12,000 ரூபா. எல்லாம் போக நூற்றுக்கு முப்பது நிற்கும் போலிருந்தது. கயிறு விற்று முப்பது வீதம் பார்த்த வியாபாரி யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

ஆனால் கரையில் நின்று பார்த்தால்தான் தாளில் இல்லாதது தெரிகிறது. முதலாவது, கரைவலை. கடல் அடங்குகிற அதே மாதங்கள்தான் கரைவலைக் காலமும். ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமைக்காரர் உண்டு. வலை வளைத்துப் போட்டிருக்கிற இடத்தில் நீந்துகிறவர் போய் மாட்டினால் அவருக்கும் ஆபத்து, வலைக்காரருக்கும் அன்றைய உழைப்பு போய்விடும். முதல் நாளே இதில் வாக்குவாதம் வந்தது. எந்தப் பாட்டில் எத்தனை மணிக்கு வலை போடுவார்கள் என்று முதல் நாள் இரவே கேட்டு, வடக்கே களுதாவளைப் பக்கம் போவதா, தெற்கே ஓந்தாச்சிமடப் பக்கம் போவதா என்று தீர்மானிக்கிற முறை அதற்குப் பிறகுதான் வந்தது. கரை அரசாங்கத்துடையது என்று சட்டம் பேசிக்கொண்டு போயிருந்தால் இரண்டாம் நாளே முகாம் முடிந்திருக்கும்.

இரண்டாவது, எஞ்சின். நீந்துகிறவர் மணிக்கு மூன்று கிலோமீற்றர் போவார். தோணி எஞ்சின் அந்த வேகத்தில் மணிக்கணக்காக ஓடுவதற்குச் செய்யப்பட்டதல்ல. பிளக்கில் கரி பிடித்து நின்று நின்று போனது. ஆள் பக்கத்தில் இருக்கும்போது விசிறி சுழல்வதும் பயம். கடைசியில் எஞ்சினை நிறுத்தித் துடுப்புப் போட்டார்கள். கூலி ஓர் ஆளுக்கு ஏறியது.

மூன்றாவது, சாப்பாடு. நீந்துகிறவர் தோணியைத் தொடக்கூடாது என்பது அவர்கள் பழகுகிற விதி. அரை மணிக்கொருமுறை கயிற்றில் கட்டிய போத்தலை எறிய வேண்டும். மாப்பொருள் கரைத்த பானம். ஒரு நிமிடத்துக்குள் குடித்துவிட்டுப் போத்தலை விட்டுவிடுவார்கள். உடம்பில் சேர்த்து வைத்திருக்கிற சக்தி இரண்டு மணித்தியாலம் அளவில் தீர்ந்துவிடுமாம். அதன் பிறகு போத்தலில் வருவதுதான் முதல். சூட்டுக்கடலில் உப்பும் போகும் என்று நான் ஜீவனிப் பைக்கற்றுகளைக் கொடுத்துப் பார்த்தேன். அதை நன்றாக ஏற்றுக்கொண்டார்கள். இளநீர் ஒருவருக்கு வயிற்றைக் கலக்கியது.

நாலாவது, தோணிக்காரர். இவரைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

அவருக்கு அறுபது வயதிருக்கும். முப்பது வருடமாக என் கடையில் கடனுக்கு எடுத்து, ஒவ்வொரு வாடைக்கும் முன்னர் கட்டி முடிக்கிறவர். யுத்தகாலத்தில் அவர் நம் ஊருக்கு வர முடியாமலும் நாம் அங்கே போக முடியாமலும் இருந்த நாட்களில் கூட யாரிடமாவது காசைக் கொடுத்தனுப்பியவர். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. இரண்டாம் நாளிலிருந்தே நீந்துகிறவர்களின் கை நிமிடத்துக்கு எத்தனை முறை விழுகிறது என்று எண்ணப் பழகிவிட்டார். "காக்கா, எஞ்சின் சத்தத்த வெச்சிக் கோளாறு சொல்ற மாதிரித்தான் இதும்" என்றார்.

எட்டாம் நாள் ஆறு மணித்தியால நீச்சல் வைத்தார்கள். தம்பிக்குத் தோளில் நோவு, ஆகவே அவர் இறங்கவில்லை. நீந்துகிறவர்கள் மூவர்தான் என்பதால், இரண்டாவது தோணி எதற்கு என்று கேட்டவன் நான். அந்தப் பன்னிரண்டாயிரத்தை மிச்சம் பிடிக்கலாம், நேரம் குறிக்க ஆள் வேண்டுமென்றால் நானே வருகிறேன் என்றேன்.

நானே வருகிறேன் என்று சொன்னது எனக்கே ஆச்சரியம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக்குப் பிறகு நான் கடலில் கால் நனைத்ததில்லை. அன்று கடையும் சாமானும் போனது பெரிதல்ல. என் தம்பியின் சின்ன மகளை இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்தோம். நீச்சல் தெரிந்திருந்தால் தப்பியிருப்பாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்தத் தண்ணீரில் நீச்சல் தெரிந்தவர்களும்தான் போனார்கள். ஆனால் அதன் பிறகு நம் வீடுகளில் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடுவதில்லை. கடலுக்கும் விடவில்லை, வாவிக்கும் விடவில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய நிலத்தில் குடியிருந்துகொண்டு, இடுப்பளவு தண்ணீரில் தடுமாறுகிற ஒரு தலைமுறையை வளர்த்து வைத்திருக்கிறோம்.

ஐந்து மணிக்கு இறங்கினார்கள். ஏழு மணி வரை எல்லாம் அழகாக இருந்தது. தண்ணீரின் சூடு 29 பாகை. ஒன்பது மணிக்கு வெயில் ஏறி, அளந்து பார்த்தபோது 30ஐத் தாண்டியிருந்தது. இரண்டு பெண்களும் முன்னால் போய்விட்டார்கள், இருநூறு மீற்றர் இருக்கும். அந்த வெள்ளைக்காரர் பின்தங்கினார். காலையில் நிமிடத்துக்கு 62 விழுந்த கை 50க்கு வந்துவிட்டது. போத்தலைக் கொடுத்தால் பாதி குடித்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இந்தாள்ற கை விழுறது சரியில்ல. ஏத்துவம்" என்றார் தோணிக்காரர்.

தம்பி மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னும் ஒன்றேகால் மணித்தியாலம். என்ன சொன்னாலும் தன்னை ஏற்ற வேண்டாமென்று அந்த மனிதர் கரையில் வைத்தே கேட்டுக்கொண்டிருந்தாராம். "ஐயா, இன்னும் இருபது நிமிசம் பாப்பம்" என்றார்.

தோணிக்காரர் என்னைப் பார்த்தார். அவரை அமர்த்தியவன் நான். நான் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே ஏற்றியிருப்பார்.

நான் சொல்லவில்லை. உண்மையை எழுதுகிறேன். பாதியில் நிறுத்தினால் இவர்கள் போய் லண்டனில் என்ன சொல்வார்கள், அடுத்த வருடம் இருபது பேர் வருவார்களா என்றுதான் என் மனம் ஓடியது. ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடமும் தோணிக்காரர் என் முகத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தக் கை விழவே இல்லை. ஆள் மல்லாந்து கிடந்து ஏதோ பேசினார். தோணிக்காரர் யாரிடமும் கேட்கவில்லை. மிதப்புக் கயிற்றோடு குதித்துவிட்டார். மூவரும் சேர்ந்து இழுத்து ஏற்றினோம். உடம்பு அடுப்புப் போலக் கொதித்தது. மீன் ஐஸ் பெட்டியிலிருந்த ஐஸைச் சாரனில் கட்டிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம்.

இனிக் கரைக்குப் போக வேண்டும். முன்னால் இரண்டு பெண்கள் ஒன்றும் தெரியாமல் நீந்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. அவர்களை எடுக்கப் போனால் இந்த மனிதர் வெயிலில் கிடப்பார். பன்னிரண்டாயிரம் ரூபாவுக்கு நான் வெட்டிய இரண்டாவது தோணி எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கையைத் தூக்கிக் கத்தினோம். கரைவலைத் தோணி ஒன்று எங்களைக் கண்டு வந்து, அந்த இருவரையும் ஏற்றிக்கொண்டது. முதல் நாள் எங்களோடு வாக்குவாதப்பட்ட அதே வலைக்காரர்கள். அன்றைய வளைப்பை அவர்கள் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அல்ஹம்துலில்லாஹ், பின்னேரம் எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்டார்.

குளிர்தான் நீச்சல்காரனைக் கொல்லும், சூட்டில் பயமில்லை என்று நானும் நினைத்திருந்தேன். அது தவறு. தரையில் வியர்வை காய்வதால் உடம்பு ஆறுகிறது. தண்ணீருக்குள் வியர்வை காய வழியில்லை. தண்ணீரே சூடாக இருந்தால் உடம்பின் சூட்டை அது வாங்கிக்கொள்வதும் குறைவு. 2010 ஒக்டோபர் 23 ஆம் திகதி ஐக்கிய அரபு இராச்சியத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீற்றர் போட்டியில் பிரான்சிஸ் கிறிப்பன் என்ற அமெரிக்க வீரர் இப்படிச் சூட்டுக்கடலில் இறந்துபோனார். 26 வயது, உலகத் தரத்து வீரர். அவர் முடிவுக் கோட்டுக்கு வரவில்லை என்பது தெரிந்து, தேடி எடுக்க மணித்தியாலங்கள் ஆயின. போதிய காவல் படகுகள் இருந்தனவா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. அதன் பிறகுதான் அந்நாளில் ஃபினா என்றழைக்கப்பட்ட சர்வதேசச் சம்மேளனம், 31 பாகைக்கு மேல் போட்டி நடத்தக்கூடாது என்று எல்லை போட்டது. நம் கடல் வருடத்தில் பல நாட்கள் அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. நாம் விற்க நினைத்த சரக்கின் குணமே அதன் ஆபத்தும்.

அன்றிரவு தம்பி என்னிடம் இன்னொன்றும் சொன்னார். ஆங்கிலக் கால்வாயில் நீச்சலை நிறுத்துகிற கடைசிச் சொல் படகோட்டியுடையது. நீந்துகிறவர் காசு கொடுத்தவராக இருந்தாலும், பயிற்சியாளர் பக்கத்தில் நின்றாலும், படகோட்டி போதும் என்றால் போதும்தான். இதை அவர் முன்பே அறிந்திருந்தார். லண்டனில் அது விதி என்றும், இங்கே கூலிக்கு வந்தவர் தோணிக்காரர் என்றும் அவருடைய மனதில் இருந்திருக்கிறது. என் மனதிலும் அப்படித்தான் இருந்தது, ஆகவே அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

தாளை மறுபடி எழுதினோம். நீந்துகிற இருவருக்கு ஒரு தோணி, அதற்கு மேல் இல்லை. ஒவ்வொரு தோணியிலும் துடுப்புக்கு ஓர் ஆள், கண்ணுக்கு ஓர் ஆள். யார் இறங்காவிட்டாலும் ஒரு தோணி சும்மா நிற்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் கடலில் யாரும் இல்லை. நீண்ட நீச்சல் என்றால் இரவில் தொடங்குவது. கண்ணுக்கு நிற்கிறவர் உயிர்காப்புப் பயிற்சி எடுத்தவராக இருக்க வேண்டும். தோணிக்காரர் கையைத் தூக்கினால் அதற்கு மேல் பேச்சில்லை. இதை வருகிறவர்களிடம் முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுவது.

கூலியில்தான் இழுபறி. கரைவலையில் போலப் பங்கு கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். முளாறபா முறையில் உழைப்புக்காரருக்கு இலாபத்தில் பங்கு கொடுப்பது நமக்குப் பழக்கமானதுதானே. தோணிக்காரர் மாட்டேன் என்றார். "பங்கு தந்தா, மறுகா நானும் உங்கள மாதிரி மணிக்கூட்டப் பாப்பன் காக்கா" என்றார். ஆள் கூடினால் பங்கு கூடும், நேரம் நீண்டால் பங்கு கூடும் என்றால், நிறுத்து என்று சொல்ல வேண்டிய வாய்க்குப் பூட்டுப் போட்டது போலாகிவிடும் என்பது அவர் கருத்து. ஆகவே நீச்சல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் நாளுக்கு ஒரே கூலி என்று முடிவானது. முப்பது வருடம் வியாபாரம் செய்தவனுக்கு இது தோன்றவில்லை.

2025 மே மாதம் ஆறு பேர் வந்தார்கள். நாலு தோணி நின்றது. தோணிக்காரர் இரண்டு நாள் கையைத் தூக்கினார், இரண்டு நாளும் நிறுத்தினோம். அதில் ஒரு நாள் ஒன்றுமே இருந்திருக்காது என்று தம்பி சொல்கிறார். இருக்கலாம். பன்னிரண்டு இலட்சத்துக்குப் பதிலாக நான் போட்டது நாலு இலட்சம். எல்லாம் போக நூற்றுக்கு எட்டு நின்றது. கயிறு விற்றிருந்தால் இதைவிடக் கூடக் கிடைத்திருக்கும். ஆகவே இந்தப் பத்தியைப் படித்துவிட்டு நாளைக்கே கடற்கரையில் வீடு வாடகைக்கு எடுக்க ஓட வேண்டாம். கிழக்கில் இந்தத் தொழிலுக்கு இடம் இருக்கிறது. ஆனால் தோணி வரியைக் குறைத்து இலாபம் காட்டுகிற தாளை யாராவது உங்களிடம் கொண்டு வந்தால், அவர் சொந்த மச்சானாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கணக்கு முடிக்கிற அன்று தோணிக்காரர் கடைக்கு வந்தார். கூலியை எண்ணி மடியில் வைத்துக்கொண்டு, ஐம்பது பாகம் கயிறும் நாற்பது மிதப்பும் வேண்டும் என்றார். வலைக்கா என்று கேட்டேன். இல்லை. குருமண்வெளிப் பக்கம், மண்டூருக்குப் பாதை போகிற துறையிலிருந்து கொஞ்சம் தள்ளி, வாவி ஆழமில்லாமல் இருக்கிறது. அங்கே ஒரு சதுரம் கட்டிப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கப் போகிறார். லண்டன் தம்பி போவதற்கு முன்னர் இரண்டு வாரம் நின்று சொல்லிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். பதினொரு பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்களாம்.

"உங்கட பக்கத்துப் புள்ளைகளும் வரட்டும் காக்கா. பொம்புளப் புள்ளைகளுக்கு வேற நேரம் வெப்பம்" என்றார்.

கடைப் பையன் கடன் கொப்பியைத் திறந்து, இதை யாருடைய பெயரில் எழுதுவது என்று கேட்டான். என் பெயரில் எழுதச் சொன்னேன். பிள்ளைகள் பதின்மூன்று என்று தோணிக்காரரிடம் சொன்னேன். என் தம்பிக்கு சுனாமிக்குப் பிறகு பிறந்த மகனும், என் பேத்தியும்.